முத்திரை குத்திய தராசு
(பொன்விழாவை ஒட்டி நடந்த கல்வி அமர்வில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பட்டம் பெற்றவர்கள் பலர் இருக்கும் இந்தச் சபையில், கல்வியைப் பற்றிப் பேசக் கடைக்காரர்களை அழைத்திருக்கிறார்கள். காரணம் ஒன்றுதான். மேருவில் வியாபாரம் செய்யும் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு தேர்வுக்குப் படித்தோம், தோற்றோம், மறுபடியும் படித்தோம். அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தேர்வின் பெயர் சிசிஎன்ஏ. அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் நடத்துவது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையில் ஒருவருக்கு அடிப்படைத் திறமை இருக்கிறது என்பதற்கு உலகம் முழுவதும் ஏற்கும் சான்றிதழ் அது. இப்போதைய தேர்வின் எண் 200-301. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

கடைக்காரனுக்கு இது எதற்கு என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி, நம் ஊர் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் வாட்ஸ்அப் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் பேஸ்புக்கும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெரிய இணைப்புகளில் பராமரிப்பு வேலை நடந்தபோது கொடுத்த ஒரு தவறான கட்டளைதான் காரணம். கணினிகள் எரிந்துபோகவில்லை. அவற்றுக்குப் போகும் வழி இணையத்திலிருந்து மறைந்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலைச் சரக்குக்கு ஆர்டர் அனுப்ப முடியாமல் விழித்துக்கொண்டிருந்த நாங்கள், வழி காட்டுவதே ஒரு பெரிய தொழில் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

நம் மேருவைச் சுற்றித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. போர்ட் கிள்ளான் பக்கம் கிடங்குகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் கேமரா, கார்டு மெஷின், வைஃபை. பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு சின்னச் சின்னப் பழுதுகளைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஓர் இடத்தில் ஒப்பந்தம் கேட்டுப் போனபோது, “உங்களில் சான்றிதழ் உள்ளவர் யார்?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தோம்.

கடை அடைத்து, இஷா தொழுதுவிட்டுப் படிக்க உட்கார்ந்தோம். மூன்று மாதம் வீடியோ பார்த்தோம். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. தேர்வு மையத்தில் உட்கார்ந்தபோதுதான், பார்த்தது வேறு, படித்தது வேறு என்பது விளங்கியது. அந்தத் தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. மூவருமே தேறவில்லை. 900 டாலர் போயிற்று. அது கடையில் உழைத்த காசு.

சில நாளில் ஒருவர் வந்தார். தேர்வில் வந்த கேள்விகளும் விடைகளும் அடங்கிய கோப்பு தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மனப்பாடம் செய்தால் போதுமாம். எங்களில் ஒருவர் வாங்கலாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. “இன்னொரு முறை 300 டாலர் போனால் வீட்டில் என்ன பதில் சொல்வது? ஊரே இப்படித்தானே தேறுகிறது?” என்று கேட்டார். மற்ற இருவருக்கும் உடனே பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் மூவருக்கும் ஆசை இருந்தது.

அப்போது எங்களில் ஒருவருடைய அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தராசைக் காட்டினார். “இதில் ஒட்டியிருக்கிற முத்திரையைப் பார்த்துத்தானே ஜனங்கள் நம்பிக் காசு கொடுக்கிறார்கள்? முத்திரையை மட்டும் வாங்கித் தப்பான தராசில் ஒட்டினால் அதற்கு என்ன பெயர், தம்பி?” என்று கேட்டார். அதற்கு மேல் பேசவில்லை.

1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி நம் கடைத் தராசுகளை ஆண்டுதோறும் சோதித்து முத்திரை வாங்குகிறோம். திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், அளவையில் குறைப்போரை எச்சரித்துத்தான் தொடங்குகிறது. சான்றிதழும் ஒரு முத்திரைதான். அதைப் பார்த்து ஒரு முதலாளி தன் கடையை, தன் வாடிக்கையாளரின் கார்டு விவரத்தை, நம் கையில் ஒப்படைக்கிறார். திருட்டுக் கேள்வித்தாளில் தேறியவன் எடுக்கும் சம்பளம் எப்படிப்பட்டது என்பதை ஹஜ்ரத் அவர்கள்தான் சொல்ல வேண்டும். சிஸ்கோவும் சும்மா விடுவதில்லை. கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யும், மறுபடி எழுதவும் தடை போடும்.

மனப்பாடம் தவறா என்று பிள்ளைகள் கேட்கலாம். தவறில்லை. நம் பிள்ளைகள் ஹிஃப்ளு செய்கிறார்கள். பழைய பாடத்தைத் தினமும் ஓதிக் காட்டுகிறார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இரண்டாவது முறை நாங்கள் கையில் எடுத்தோம்.

முதலில், தோற்ற தாளைத் தூக்கி எறியவில்லை. எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் எடுத்தோம் என்று அதில் இருக்கும். பாடத்திட்டத்தில் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி காட்டும் பகுதிக்கு 25 சதவீதம். அடிப்படைக்கு 20, இணைப்புக்கு 20, பாதுகாப்புக்கு 15. மீதி 20இல் சேவைகளும் தானியங்கி முறைகளும் பாதிப்பாதி. எங்கே எடை அதிகமோ, எங்கே நாங்கள் பலவீனமோ, அங்கே அதிக நாள் கொடுத்தோம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு நெட்வொர்க்கில் 256 முகவரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64. அதில் முதலாவது அந்தப் பகுதியின் பெயருக்கு, கடைசி எல்லாருக்கும் செய்தி அனுப்புவதற்கு. பயன்படுத்தக் கிடைப்பது 62. இப்படித் தினமும் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் போட்டோம்.

மூன்றாவது, கை வேலை. பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளைச் சிஸ்கோவே இலவசமாகத் தருகிறது. அதில் எங்கள் கடையையே கட்டினோம். கல்லா ஒரு பகுதி, கேமரா ஒரு பகுதி, அலுவலகம் ஒரு பகுதி, வாடிக்கையாளரின் வைஃபை ஒரு பகுதி. தேநீர் குடிக்க வந்தவர் கல்லாவை எட்டிப் பார்க்க முடியாதபடி நடுவே தடுப்பு. பிறகு ஒருவர் இரகசியமாக ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைப்பார். மற்ற இருவரும் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். நூறு வீடியோ சொல்லித் தராததை இது சொல்லித் தந்தது.

நான்காவது, ஒருவருக்கொருவர் தமிழில் விளக்கினோம். தமிழில் சொல்ல முடியாமல் தடுமாறிய இடமெல்லாம், உண்மையில் எங்களுக்குப் புரியாத இடம் என்பது தெரிந்தது.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. நோன்பு மாதத்தில் தராவீஹுக்குப் பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்தோம். தூக்கம் கெட்டது. பிள்ளைகளோடு இருக்கும் நேரம் குறைந்தது. வீட்டிலுள்ள பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறோம்.

முடிவு என்ன? இருவர் தேறினோம், அல்ஹம்துலில்லாஹ். ஒருவர் இரண்டாம் முறையும் தேறவில்லை. அவர் யார் என்று சொல்லப் போவதில்லை. இங்கே பேசிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். ஆனால் கேளுங்கள்: இன்று ஒரு கடையில் கார்டு மெஷின் நின்றுவிட்டால், தேறாத அந்த ஒருவரும் போய்ச் சரி செய்துவிட்டு வருகிறார். அவருக்கு முத்திரை இன்னும் கிடைக்கவில்லை, தராசு சரியாக இருக்கிறது. இன்ஷா அல்லாஹ் மறுபடி எழுதுவார். கட்டணத்தை மூவரும் பங்கு போட்டுக் கட்டுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

தம்பி தங்கைகளே, எஸ்.பி.எம். எழுதினாலும் சிசிஎன்ஏ எழுதினாலும் இதையே சொல்கிறோம். தோற்பது வெட்கம் அல்ல. பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை தோற்று வந்த நாளில் காசுக் கணக்கை முதலில் எடுக்காதீர்கள். குறுக்கு வழிக்காரன் அந்த நாளில்தான் வாசலில் நிற்பான்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு இந்த மண்டபத்தில் ஓர் அறை கொடுங்கள். உங்கள் கடைகளில் தூசி படிந்து கிடக்கும் பழைய ரௌட்டர், சுவிட்ச் இருந்தால் தாருங்கள். படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு நாங்கள் மூவரும் வந்து, எங்களுக்குத் தெரிந்ததைக் கட்டணம் இல்லாமல் சொல்லித் தருகிறோம்.

ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைக் காத்த பெரியோர்களின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.