சரவுண்ட் ப்ராசஸர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க ரூமைக் கேளுங்க

நம்ம லிஸனர்ஸ் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஹோம் தியேட்டருக்கு ஏவி ரிசீவர் போதுமா, தனி சரவுண்ட் ப்ராசஸர் வாங்கினா சவுண்ட் இன்னும் நல்லா இருக்குமா?" விலையில பெரிய வித்தியாசம் இருக்கு. அதனால அந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு முதல்ல பார்ப்போம்.

ப்ராசஸருக்கு மூணு வேலை. டால்பி அட்மாஸ், டிடிஎஸ் மாதிரி ஃபார்மட்டை டீகோட் பண்ணணும். எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம், எவ்வளவு அளவுல, எவ்வளவு டிலேயில போகணும்னு கணக்குப் போடணும். கடைசியா டிஜிட்டலை அனலாக்கா மாத்தணும். ரிசீவர்ல இதே ப்ராசஸரோட ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில இருக்கு. தனி ப்ராசஸர் வாங்கினா ஆம்ப் தனியா வாங்கணும், அவ்வளவுதான்.

இப்போ விளம்பரத்துல பெருசா பேசுறது மூணாவது வேலையை, அதாவது டாக் சிப்பை. ஆனா சாதாரண 16 பிட் சிடிக்கே சுமார் 96 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் இருக்கு. ஃபேன் ஓடுற ஹால்ல அதை முழுசா கேட்கவே முடியாது. இன்னைக்கு வர்ற நல்ல ரிசீவர்ல சிப்போட குறை உங்க காதுக்கு எட்டுறது ரொம்பக் கஷ்டம். கடையில ரெண்டு பெட்டியை மாத்தி மாத்திக் கேட்கும்போது ஒண்ணு 1 டெசிபல் கூடுதலா ஓடினாலே அதுதான் "நல்லா இருக்கு"ன்னு தோணும். அதனால வால்யூமைச் சமமா வைக்காம ஒப்பிடாதீங்க.

சரி, பெரிய குறை எங்க? ரூம்ல. உதாரணத்துக்கு 14 அடி நீள ரூம், அதாவது சுமார் 4.27 மீட்டர். சத்தத்தோட வேகம் நொடிக்கு 343 மீட்டர். கணக்குப் போட்டா சுமார் 40 ஹெர்ட்ஸ்ல அந்த நீளத்துக்கு ஒரு அலை நிக்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தா பாஸ் குமுறும். சரியா நடுவுல உட்கார்ந்தா அதே பாஸ் காணாம போகும். இந்த ஏற்ற இறக்கம் 10 டெசிபலைத் தாண்டுறது சகஜம். எந்த டாக் சிப்பும் இதைச் சரி பண்ணாது.

அதனால நீங்க ஒப்பிட வேண்டியது ரூம் கரெக்‌ஷனை. டெனான், மராண்ட்ஸ்ல ஆடிஸி இருக்கு. அதுலயும் எக்ஸ்டி32 வெர்ஷனான்னு பாருங்க. யமஹால ஒய்பிஏஓ, ஆந்தம்ல ஏஆர்சி. ஓன்கியோவோட பல மாடல்ல டிராக் லைவ் வருது. டிராக்ல பாஸ் கண்ட்ரோல் சில பெட்டியில தனிக் காசு கட்டி வாங்கணும். அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

ஆனா கரெக்‌ஷனும் மாயாஜாலம் இல்ல. குமுறலைக் குறைக்கும், காணாம போன பாஸை நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏத்தணும்னா ஆம்ப் 10 மடங்கு பவர் கொடுக்கணும். அங்க தீர்வு சோஃபாவையோ சப்வூஃபரையோ கொஞ்சம் நகர்த்துறது, இல்லன்னா ரெண்டாவது சப். அதனால ரெண்டு சப்பையும் தனித்தனியா அட்ஜஸ்ட் பண்ற வசதி இருக்கான்னு கேளுங்க. அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க இன்னொண்ணும் பாருங்க: வால்யூமைக் குறைச்சா நம்ம காதுக்கு பாஸ்தான் முதல்ல மறையும். ஆடிஸியோட டைனமிக் ஈக்யூ மாதிரி வசதி இருந்தா, மேல் வீட்டுக்காரங்க கதவைத் தட்டாம ராத்திரி படம் பார்க்கலாம்.

அப்போ தனி ப்ராசஸர் யாருக்கு? பெரிய ரூம், நிறைய ஸ்பீக்கர், அதிக பவர் கேட்கிற ஸ்பீக்கர் வச்சிருக்கிறவங்களுக்கு. மத்தவங்க எல்லா சேனலுக்கும் ப்ரீ-அவுட் இருக்கிற ரிசீவரா எடுங்க. நாளைக்கு பவர் பத்தலைன்னா வெளி ஆம்ப் சேர்த்துக்கலாம், பெட்டியை மாத்த வேண்டாம்.

மிச்சமாகுற காசை முதல்ல சென்டர் ஸ்பீக்கர்ல போடுங்க. படத்தோட வசனம் பெரும்பாலும் அது வழியாத்தான் வருது. அதுக்கப்புறம் சப். அதுக்கும் அப்புறம்தான் ப்ராசஸர் கனவு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!