காடி ஏன் இடப்பக்கம் இழுக்கிறது?



நாங்கள் பணியாற்றும் பள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தினுள் இருக்கிறது. நூலகத்துக்குள் நுழையும் முன் பிள்ளைகள் காலணிகளைத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கழற்றி வைப்பார்கள். அவற்றைத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பிள்ளை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒருவனுக்குக் குதிகாலின் வெளியோரம் தேய்ந்திருக்கும். இன்னொருத்திக்குப் பெருவிரல் பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும். பிள்ளை வாய் திறந்து சொல்லாததைச் செருப்பின் அடிப்பாகம் சொல்லிவிடுகிறது. காடியின் டயரும் அப்படித்தான் பேசுகிறது. அதைப் படிக்கத் தெரியாமல் நாங்கள் ஒரு காலத்தில் வீணாகப் பணம் செலவழித்தோம்.

போர்ட் கிள்ளானிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் நம்மவர் பலரிடம் இன்னும் பழைய காடிகள்தாம் இருக்கின்றன. 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து முதல் புரோட்டான் சாகா வெளிவந்தது. ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காடியை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது அது. பின்னர் 1992-இல் இஸ்வாரா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பதும் ஒரு பழைய சாகாதான். கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. இயந்திரத்தில் குறையில்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் சாலைகளை நேயர்கள் அறிவீர்கள். வடதுறைமுகத்துக்கும் பூலாவ் இண்டாவிலுள்ள மேற்குத் துறைமுகத்துக்கும் இரவு பகலாகக் கொள்கலன் லோரிகள் ஓடுகின்றன. அவற்றின் பாரம் தாங்காமல் சாலை பள்ளமும் மேடுமாகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை எல்லாவற்றின் அடியையும் முதலில் வாங்குவது முன்சக்கரங்கள்தாம்.

எங்கள் சாகா இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. ஒரு கடைக்குச் சென்று அலைன்மெண்ட் செய்தோம். ஒரு வாரம் நன்றாக இருந்தது போல் தோன்றியது. பிறகு மீண்டும் இழுத்தது. வேறொரு கடையில் மறுபடி செய்தோம். மூன்றாம் முறையும் செய்தோம். ஒவ்வொரு முறையும் கணினித் திரையில் எண்கள் பச்சை நிறத்தில் வந்தன. எல்லாம் சரி என்றார்கள். எட்டே மாதத்தில் புதிய முன் டயர்கள் இரண்டும் வீணாயின. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இரண்டு டயர் என்பது சிறிய செலவன்று. கடைசியில் பண்டமாரான் பக்கத்துப் பட்டறையில் ஒரு முதிய மெக்கானிக் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. டயரைக் கையால் தடவிப் பார்த்தார். காடியைத் தூக்கி ஓர் இரும்புக் கம்பியால் ஓரிடத்தை நெம்பினார். இடப்புறக் கீழ்க்கையின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. “இதை மாற்றாமல் அலைன்மெண்ட் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரிதான், சார்” என்றார்.

அவர் சொன்னதன் பொருளைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முன்சக்கரத்தின் அமைப்பில் மூன்று கோணங்கள் உண்டு. காடியின் மேலே நின்று கீழே நோக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். இரண்டு முன்சக்கரங்களும் நேராக இல்லாமல், சில பிள்ளைகளின் பாதங்கள் போல, முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கலாம். இதற்கு ‘டோ’ என்று பெயர். கால்விரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அது. இனிக் காடியின் எதிரில் நின்று பாருங்கள். சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால் அது ‘கேம்பர்’. மூன்றாவது ‘கேஸ்டர்’. சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை செங்குத்தாக நிற்பதில்லை, சற்றுப் பின்சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சைக்கிள் நேராக ஓட விரும்புகிறது. காடியிலும் அத்தகைய சாய்வு உண்டு. வளைவில் திரும்பியபின் ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பி வருவது அதனால்தான். இரு பக்கத்துக் கேஸ்டரும் ஒத்திராவிட்டால், குறைந்த பக்கத்தை நோக்கிக் காடி இழுக்கும்.

பழைய சாகா போன்ற காடியில் இம்மூன்றனுள் கடைக்காரர் திருகித் திருத்தக்கூடியது முன்சக்கர டோ ஒன்றுதான். மற்ற இரண்டும் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டவை. ஆகவே அவை கெட்டிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது என்பதே பொருள். எங்கள் காடியில் நடந்ததும் இதுதான். நின்றுகொண்டிருக்கும்போது சக்கரம் தன்னிடத்தில் இருந்தது. எண்கள் சரியாக வந்தன. பிரேக்கை மிதித்ததும் கிழிந்த ரப்பர் நெகிழ, இடச்சக்கரம் சற்றுப் பின்னால் நகர்ந்தது. அந்தப் பக்கத்துக் கேஸ்டர் குறைந்தது. காடி இடப்பக்கம் இழுத்தது. நிற்கும் காடியை அளக்கும் இயந்திரத்தின் மீது குற்றமில்லை. அதன் முன்னே கொண்டு நிறுத்துமுன் செய்ய வேண்டியதை யாரும் செய்யவில்லை.

டோ சிறிது பிசகினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இதோ வகுப்பறைக் கணக்கு ஒன்று. பதின்மூன்று அங்குல ரிம் கொண்ட சிறிய காடியின் டயர் ஏறத்தாழ 575 மில்லிமீட்டர் விட்டமுடையது. இரு சக்கரங்களுக்கிடையே முன்புற அளவும் பின்புற அளவும் 6 மில்லிமீட்டர் வேறுபடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 3 மில்லிமீட்டர். மூன்றை 575-ஆல் வகுத்தால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த டயர் ஏறக்குறைய 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று வரும். போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்று திரும்ப ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அப்படியானால் 400 மீட்டர், அதாவது நான்கு கால்பந்துத் திடல்களின் நீளம், ஒவ்வொரு நாளும் டயரைத் தாரின்மேல் குறுக்காக வைத்துத் தேய்க்கிறோம். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் எப்படிக் கரைகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வாகனச் சோதனை நிலையத்தில் பக்கவாட்டில் நகரும் ஒரு தகட்டின்மேல் காடியை ஓட்டச் சொல்வதும் இதை அளக்கத்தான்.

இப்போது டயரைப் படிப்போம். முதலில், காடி ஓடிச் சூடேறாத காலை வேளையில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்திருந்தாலே காடி அந்தப் பக்கம் இழுக்கும். அதற்கு அலைன்மெண்ட் மருந்தன்று. டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் நெடுநாள் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறோம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஓர் ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும். இனி உள்ளங்கையை டயரின் குறுக்கே, வெளியோரத்திலிருந்து உள்ளோரத்துக்குத் தடவுங்கள். பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், கவனம். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால் அது டோவின் வேலை. உள்ளே போகும்போது வழுக்கினால் சக்கரங்கள் அளவுக்கு மேல் உள்நோக்கியிருக்கின்றன. வெளியே வரும்போது வழுக்கினால் வெளிநோக்கியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தையும் கை கண்டுபிடித்துவிடும்.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளரவமற்ற, சமமான, நேரான இடம் ஒன்றைத் தேடுங்கள். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே சிறிதளவு இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பே. அதைக் குறையென்று எண்ணிச் செலவு செய்தவர்கள் உண்டு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கையும் கீழ்க்கை ரப்பரையும் பாருங்கள். எப்போதும் இழுத்தால், ஓட்டி நிறுத்தியவுடன் இரு ரிம்களுக்கும் அருகில் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். ஒரே திசையில் மட்டும் சுழலும்படி அம்புக்குறியிட்ட டயர்களுக்கு இது ஆகாது. இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்தான். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது வேறு சிக்கல். பெரும்பாலும் அது சக்கரத்தின் பாரச் சமநிலை பற்றியது. பாலன்சிங், அலைன்மெண்ட் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நம்மிடையே பலர்.

இனித்தான் முக்கியமான பகுதி. கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜேக்கில் தூக்கி, உறுதியான இரும்புத் தாங்கியின்மேல் இறக்குங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காடியின் அடியில் தலையை நீட்டக் கூடாது. சக்கரத்தை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலும் ஆறிலும் கைவைத்து ஆட்டினால் ஆடுகிறதா? பெயரிங் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். மூன்றிலும் ஒன்பதிலும் ஆட்டினால் ஆடுகிறதா? டை ராட் முனையைப் பாருங்கள். காடியைக் கீழே இறக்கியபின், ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட, மற்றொருவர் வெளியிலிருந்து அந்த முனையைக் கவனித்தால் நன்கு தெரியும். பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் சக்கரம் கவிழ்ந்துவிடும். டை ராட் கழன்றால் ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரம் கேட்காது. பக்கத்தில் நாற்பதடிக் கொள்கலன் லோரி ஓடும்போது அப்படி நேர்ந்தால்? டயர்க் காசை விட இது பெரிய செய்தி. ஆட்டம் தெரிந்தால் பட்டறைக்கு மெதுவாகக்கூட ஓட்டிப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

ஆட்டம் இல்லையென்றால் டோவை வீட்டிலேயே ஓரளவு அளந்துவிடலாம். சமதரையில் காடியை நேராகச் சிறிது தூரம் முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். இரு முன் டயர்களின் முன்புறத்திலும், சக்கர மையத்தின் உயரத்தில், சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடிடுங்கள். இருவராக அளவு நாடாவைப் பிடித்து அந்த இரு கோடுகளுக்கிடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காடியை முன்னோக்கி அரைச் சுற்று, ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், தள்ளுங்கள். அதே கோடுகள் இப்போது பின்புறம் வந்திருக்கும். அதே உயரத்தில் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே டோ. ரிம் சற்று நெளிந்திருந்தாலும் இம்முறையில் பிழை வராது, ஏனெனில் டயரின் அதே இடத்தைத்தான் இருமுறையும் அளக்கிறோம். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது காடிக்குக் காடி வேறுபடும். அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர் பள்ளித் திடலில் இதைச் செய்து பார்த்தார்கள். முதல் முறை ஒருவன் நாடாவைத் தளர்த்திப் பிடித்து 20 மில்லிமீட்டர் என்று சொல்லி எங்களைத் திடுக்கிட வைத்தான்!

கடைக்குச் செல்லும்போது, இயந்திரத்தில் ஏற்றுமுன் மூட்டுகளையும் ரப்பர்களையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். திருத்துவதற்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக் கேம்பர் மறுபக்கத்திலிருந்து வெகுவாக வேறுபட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். முன்னொரு காலத்தில் அந்தச் சக்கரம் பள்ளத்திலோ சாலையோரக் கல்விளிம்பிலோ மோதியிருக்கக்கூடும். கைமாறி வந்த காடியின் பழைய கதை அந்தத் தாளில் தெரியும்.

எங்கள் சாகாவுக்கு இருபுறமும் கீழ்க்கை ரப்பர்களை மாற்றினோம். அதன்பின் ஒரே ஒரு முறை அலைன்மெண்ட் செய்தோம். இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் ரம்பப் பல்லாகத் தேய்ந்துபோன பழைய டயர்களின் இரைச்சல் நிற்கவில்லை. அலைன்மெண்ட் சரியானாலும் தேய்ந்த ரப்பர் திரும்ப வளராது அல்லவா? சக்கரப் பெயரிங் போய்விட்டதோ என்று அஞ்சி அதையும் மாற்றக் கிளம்பினோம். அந்த முதியவர்தான் தடுத்தார். அடுத்த டயர் வாங்கும்வரை வானொலியைச் சற்று உரக்க வைத்துக் கேட்கும்படி சொன்னார்.