கேள்விக்குக் கொடுக்கும் காசு



அக்குறணை வியாபாரிகளின் ஊர். கொடுக்கும் கைகளுக்கும் இங்கே குறைவில்லை. பிள்ளையின் இருதயத்தில் ஓட்டை, சத்திரசிகிச்சைக்கு இத்தனை லட்சம் வேண்டும் என்று ஒரு வாப்பா வைத்தியசாலைக் கடிதத்தோடு வந்து நின்றால் போதும். ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைவதற்குள் பாதிப் பணம் சேர்ந்துவிடும். கண்ணால் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கண்டேன். இளம் டொக்டர் ஒருவர், இந்த ஊர்ப் பெண்தான், பெரியவர்கள் சிலரிடம் ஒரு கோவையோடு வந்தார். பிள்ளைகளின் இரத்தசோகை பற்றி ஓர் ஆய்வு செய்ய உதவி வேண்டுமாம். ஒரு ஹாஜியார் கேட்டார்: "இந்தக் காசால எத்தன புள்ளக்கி சொகமாகும், மகள்?" அவர் உள்ளதைச் சொன்னார்: "இப்ப ஒருத்தருக்கும் இல்ல ஹாஜியார். ஏன் சொகமாகல்ல எண்டு தெரிஞ்சிக்கத்தான் இந்தக் காசு." கோவை மூடப்பட்டது. தேத்தண்ணி மட்டும் வந்தது.

ஹாஜியாரின் கேள்வியில் பிழையில்லை. அதற்குப் பதில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பிரியும் வீதியின் வழியே, குருநாகலில் இருக்கிறது. அங்கேதான் தலசீமியா நோய்க்கான தேசிய மையம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் இரத்த நோய் இது. கடுமையாக வந்துவிட்டால் மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு உடம்பில் படிந்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அந்த இரும்பை வெளியேற்ற, நெடுங்காலமாகத் தோலுக்கடியில் ஊசி குத்தி, இரவிரவாக மருந்து செலுத்த வேண்டியிருந்தது. அந்த வீட்டு உம்மாவின் தூக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

களனிப் பல்கலைக்கழகத்தின் டொக்டர் அனுஜா பிரேமவர்தனவும் ஒக்ஸ்போர்ட்டின் டேவிட் வெதராலும் தங்கள் குழுவோடு, ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா என்ற வகை உள்ள 109 பேரை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஒரே நோய், ஆனால் ஆளுக்கு ஆள் அதன் கடுமை வேறு. 25 பேர் இரத்தம் ஏற்றாமலே இருந்தார்கள். மேலும் 37 பேருக்கு ஏற்றுவதை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு தீங்கும் வரவில்லை. தேவையில்லாத இரத்தம், அதனால் படியும் இரும்பு, அதை எடுக்கக் குத்தும் ஊசி, மூன்றிலிருந்தும் 37 பேர் தப்பினார்கள். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இவர்களுக்கு உண்மையில் இரத்தம் ஏற்றத்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். (இதைக் கேட்டுவிட்டு எந்தத் தாயும் கிளினிக் போவதை நிறுத்திவிட வேண்டாம். எந்த வகை, எவ்வளவு கடுமை என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.)

நமது நாட்டின் தலசீமியா ஆய்வுகளுக்கு உதவியவற்றில் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் ஒன்று. ஹென்றி வெல்கம் யார்? குளிசை விற்ற வியாபாரி. 1936இல் அவர் காலமானபோது, எழுதிவைத்த மரண சாசனத்தின்படி அந்த அறக்கட்டளை பிறந்தது. ஒரு மருந்து வியாபாரியின் சொத்து இன்றும் கேள்வி கேட்பவர்களுக்குப் படியளக்கிறது.

பணக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. 1938இல் அமெரிக்காவில் எடி கேண்டர் என்ற நகைச்சுவைக் கலைஞர், போலியோ என்ற இளம்பிள்ளைவாதத்தை எதிர்க்க ஆளுக்கு ஒரு பத்துச் சத நாணயம் அனுப்புங்கள் என்று கேட்டார். கேட்டதும் இதுபோல வானொலியில்தான். 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் வெள்ளை மாளிகைக்குத் தபாலில் வந்து குவிந்தன. அப்படித் தொடங்கிய இயக்கத்தின் பணத்தில்தான் சால்க் தடுப்பூசி உருவாயிற்று. அது பாதுகாப்பானது, பலன் தருகிறது என்று அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரல் 12இல். 17 வருடம்! முதல் வருடமே "எத்தன புள்ளக்கி சொகமாச்சு" என்று கேட்டிருந்தால் கணக்கு பூச்சியம். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார்.

கேள்வியின் பதிலுக்குப் பணம் கொடுக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கும் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. நம் ஊரை ஊடறுத்துப் போகும் ஏ9 வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் மாத்தளை. 1916இல் அங்குள்ள தோட்டங்களில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டத் தமிழ் மக்களின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகை பிடிக்க வைத்த புழு அது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. லயன்களுக்கு மலசலகூடம் கட்டச் செலவழிக்கத் துரைமார் பின்வாங்கினார்கள். புழு திரும்பி வந்தது. எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்ற எண் பெரிதாக இருந்தது. திரும்பவும் ஏன் வருகிறது என்ற கேள்வியின் பதிலுக்குத்தான் பணம் போதவில்லை.

இனி, விண்ணப்பம் எழுதும் இளையவர்களுக்கு. உங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. "சிறுவர் சுகாதாரத்தை மேம்படுத்தல்" என்று தலைப்புப் போட்டால், எந்த அறக்கட்டளைக்காரரும் அடுத்த கோவைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அது ஹாஜியாருக்கும் விளங்க வேண்டும். அவருக்கு விளங்காதது லண்டனிலும் விளங்காது.

வரவுசெலவு எழுதும்போது நுண்ணோக்கியும் இரசாயனமும் மறக்காமல் வரும். மறந்துபோவது பஸ் கூலி. அக்குறணைத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். அன்றைய வேலை போச்சு. மற்றப் பிள்ளையைப் பார்க்க ஆள் தேட வேண்டும். முதல் முறை டொக்டருக்காக வருவாள், இரண்டாம் முறை மரியாதைக்காக வருவாள். மூன்றாம் முறை வரமாட்டாள். அவள் வராவிட்டால் உங்கள் ஆய்வே ஓட்டைச் சட்டிதான். பஸ் கூலியும் பிள்ளைக்கு ஒரு பால் பக்கெட்டும் கணக்கில் இருக்கட்டும். சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் அவள் வாசித்து விளங்கும்படி இருக்கட்டும்; அதை மொழிபெயர்க்கும் கூலியையும் எழுதுங்கள். விண்ணப்பம் திரும்பி வந்தால் அதில் எழுதியிருக்கும் குறிப்பை வாசியுங்கள். ஒரு விண்ணப்பம்கூடத் திரும்பி வராத ஆய்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கொடுப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம். மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதித்த கடிதத்தைக் கேளுங்கள். பணம் தனியாளின் பைக்குப் போகாமல் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். ஸகாத் பணம் இதற்குப் பொருந்துமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; ஸதகாவுக்கு அந்தக் கட்டு இல்லை.

கோவையோடு இன்னொரு பிள்ளை உங்கள் கடை வாசலுக்கு வரும். தேத்தண்ணி கொடுங்கள். ஆனால் கோவையை மூடுவதற்கு முன் பஸ் கூலி எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் கைக்கு மீறியதாகத் தோன்றினால், அந்த ஒரு வரியையாவது உங்கள் பெயரில் ஏற்றுக்கொள்ளுங்கள்.