கருவில் தொடங்கும் கணக்கு

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் அளந்தவர்கள். காப்புப் பருவத்தை மூன்றாம் திங்களில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி எனப் படிப்படியாக ஏறி, 21ஆம் திங்களுக்குள் பாட்டு நிறைவுற வேண்டும் என்று பாட்டியல் மரபு வகுத்தது. தலை நிமிர்வதும், கை கொட்டுவதும், தளர்நடை இடுவதும் உரிய காலத்தில் நிகழ்கின்றனவா என்று உற்று நோக்கிய கண்கள் அவை. இன்றைய மருத்துவ அறிவியலும் ஒரு கணக்கைச் சொல்கிறது. கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை உள்ள 1000 நாட்களே ஒருவரது வாழ்நாள் உடல்நலத்தின் அடித்தளம் என்பது அக்கணக்கு: கருவில் 270 நாட்கள், வெளியில் 730 நாட்கள். புலவர் கணக்கும் மருத்துவர் கணக்கும் முடிவெல்லையில் ஏறத்தாழ ஒன்றுபடுகின்றன, தொடக்கத்தில்தான் பிரிகின்றன. புலவர் பாடாது விட்ட அந்த 270 நாட்களைப் பற்றி இலக்கிய வட்டத்தின் மேடையில் பேசுவது பொருத்தமற்றதாகாது.

பூந்தமல்லிக்கு மேற்கே சிறு தொலைவில் உள்ள திருமழிசை அனைவரும் அறிந்த ஊர். அங்கு அவதரித்த ஆழ்வாரைப் பற்றிய குருபரம்பரைக் கதை, பன்னிரு திங்கள் கருவில் இருந்தும் உறுப்புகள் உருவாகாத தசைப்பிண்டமாகப் பிறந்து, பிரம்புத் தூற்றின் அடியில் விடப்பட்ட ஒரு குழந்தையைச் சொல்கிறது. இறையருளால் உரு நிறைந்த அக்குழந்தையைப் பிரம்பறுக்க வந்த திருவாளன் எடுத்துச் சென்று தன் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுக்கிறார். பால் உண்ணாதிருந்த பிள்ளை, பின்னர் ஒரு முதிய தம்பதியர் அன்புடன் கொணர்ந்த பாலை ஏற்றது என்றும் கதை தொடர்கிறது. எடுத்தவர், வளர்த்தவர், பால் தந்தவர் எல்லோரும் கதையில் ஒளி பெறுகின்றனர். சுமந்தவள் அந்தப் பன்னிரு திங்களில் என்ன உண்டாள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கதையைக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அந்த வினா மருத்துவ உலகிலேயே மிகப் பிந்தித்தான் எழுந்தது.

எழுந்த விதம் சுவையானது. இங்கிலாந்தின் ஹார்ட்போர்டுஷயர் மாவட்டத்தில் 1911இல் பொறுப்பேற்ற எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையார், பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும், அதே குழந்தை ஓராண்டு நிறைந்தபோது பெற்ற எடையையும், தாய்ப்பால் உண்டதா என்பதையும் செவிலியர்களைக் கொண்டு பேரேடுகளில் எழுதச் செய்தார். அவர் எந்தக் கோட்பாட்டையும் நிறுவ முற்படவில்லை; குழந்தைகள் சாகாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். பல பத்தாண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கர் என்னும் சவுத்தாம்டன் மருத்துவ அறிஞரின் கையில் அவ்வேடுகள் கிடைத்தன. 1911 முதல் 1930 வரை பிறந்த 5654 ஆண்களின் வாழ்வையும் இறப்பையும் அவரும் குழுவினரும் தேடித் தொகுத்து 1989இல் வெளியிட்டனர். பிறந்தபோதும் ஓராண்டிலும் எடை குறைந்திருந்தவர்களே நெஞ்சடைப்பால் மிகுதியாக இறந்திருந்தனர். மாரடைப்பு என்பது நடுவயதின் கொழுப்பாலும் புகையாலும் வருவது என்று மட்டும் நம்பியிருந்த உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை.

ஆயினும் காரணம் தெளிவானது. கருவுக்கு வரும் உணவு குறைந்தால், அது முதலில் மூளையைக் காக்கிறது. கணையம், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் பங்கைக் குறைக்கிறது. வறுமையுற்ற இல்லத்தரசி எதை நிறுத்தி எதைக் காப்பாளோ, அதே முறை. இச்சிக்கனத்திற்கு விலை உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு உருவாகி முடிகின்றன. குறைவாக அமைந்தால் பிறகு எந்த உணவாலும் அவற்றின் எண்ணிக்கை கூடாது. இன்சுலின் சுரக்கும் திறனும் அவ்வாறே இறுக்கமாக அமைகிறது. பஞ்சத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட உடல் பஞ்சத்திலேயே வாழ்ந்தால் பெருந்தீங்கு இல்லை. பிற்காலத்தில் உணவு மலிந்து உழைப்புக் குறையும்போதுதான் அது தடுமாறுகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போரினால் விளைந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தோரை ஆராய்ந்தவர்களும், அவர்களிடையே நீரிழிவும் நெஞ்சு நோயும் மிகுந்திருக்கக் கண்டனர்.

இவை அயல்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்க இயலாது. மைசூரின் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் எழுதிய மகப்பேற்றுப் பதிவேடுகள் காக்கப்பட்டிருந்தன. 1934க்கும் 1954க்கும் இடையே அங்குப் பிறந்த 517 பேரைத் தேடிச் சோதித்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இதயநோய் இருந்தது. மூன்றுகிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் 100க்கு 3 பேருக்கே இருந்தது. புனே அருகே ஆறு சிற்றூர்களில் 1993 முதல் மருத்துவர் யாஜ்னிக் நடத்திவரும் ஆய்வு இதனினும் வியப்பானது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எலும்பும் தசையும் குன்றியிருந்த அந்தச் சிறு உடல்களில், தோள்பட்டைக்குக் கீழே தோலடிக் கொழுப்பு மட்டும் பெரிதும் குறையவில்லை. மெலிந்தும் கொழுத்தும் ஒருங்கே பிறக்கும் குழந்தை! தமிழ் அணியிலக்கணம் இதை முரண் என்று கொள்ளும்; இந்திய உடலுக்கு அது இயல்பாகிவிட்டது.

வேலூர் ஆய்வோ நம் நெடுஞ்சாலையின் மறுமுனையில் நிகழ்ந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்தனர்; அவர்கள் வளர்ந்து ஆளானபின் மீண்டும் தேடிச் சென்றனர். மழலையில் மெலிந்திருந்து பின்னர் விரைந்து உடல் பெருத்தவர்களிடம் சர்க்கரைக் கோளாறு மிகுதி என்பதை, ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தில்லியில் பிறந்தோரின் ஆய்வோடு சேர்த்து, அது காட்டியது.

இவ்விடத்தில் அம்பத்தூர், ஆவடி மக்கள் தங்களையே நினைத்துக்கொள்ளலாம். 1949இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955இல் ஆவடிக் காங்கிரசு நடந்தது. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. வானம் பார்த்த பூமிகளிலிருந்து இளைஞர்கள் வந்து குடியேறினர். அரைவயிற்றுத் தாயின் கருவில் உருவான உடல், மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் கண்டது. ஐம்பது வயதில் அவர்கள் நீரிழிவோடு ஓய்வு பெற்றபோது, அதை நாவடக்கம் இன்மையின் தண்டனை என்றே சுற்றத்தார் பேசினர். அவ்வாறு பேசுவது முழு உண்மை ஆகாது.

அடுத்த தலைமுறையில் கணக்கு வேறு வடிவம் கொள்கிறது. தாய்க்குப் பேறுகாலத்தில் சர்க்கரை மிகுந்தால் கருவின் கணையம் அளவுக்கு மீறி வேலை செய்யப் பழகுகிறது. அந்தக் குழந்தையும் பின்னாளில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுகிறது. வறுமையில் தொடங்கிய கோளாறு மிகையில் தொடர்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இல் நீரிழிவுக்கெனத் தனித்துறை கண்ட மருத்துவர் வீ. சேஷையா இதை வாழ்நாள் பணியாக ஏற்றார். அவர்தம் குழுவினர் 2005-07இல் சென்னை நகரிலும், சைதாப்பேட்டைப் பகுதியிலும், திருவள்ளூர் ஊரகத்திலும் கருவுற்ற பெண்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு முறையே 17.8, 13.8, 9.9 பேருக்குப் பேறுகால நீரிழிவு இருந்தது. நகருக்கும் ஊரகத்துக்கும் இடைப்பட்ட மேற்குப் புறநகரின் நிலையை இவ்வெண்களின் நடுவே வைத்து எண்ணிக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு பேருந்தேறி வந்து காத்திருக்க இயலாத பெண்களுக்காக, உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோசு பருகச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும் என்ற எளிய சோதனையை அவர் வலியுறுத்தினார். பெண்ணின் களைப்பை முதலில் எண்ணிப் பார்த்த மருத்துவம் அது.

கவிஞர்கள் கருதத்தக்க இன்னொன்றும் உண்டு. பெண் கரு தாய் வயிற்றில் இருக்கும்போதே, அதன் சினைமுட்டைகள் அனைத்தும் உருவாகிவிடுகின்றன. ஐந்து திங்கள் அளவில் அவை 60, 70 இலட்சம். பிறக்கும்போது பத்து, இருபது இலட்சமாகக் குறைகின்றன. எனவே, இன்று பூந்தமல்லியில் பிறக்கும் ஒரு குழந்தைக்கு மூலமான முட்டை, அதன் பாட்டியின் வயிற்றில் உருவானது. பாட்டி உண்ட கேழ்வரகுக் கூழும், உண்ணாதுவிட்ட நாட்களும் பேரக்குழந்தைக்குத் தொடர்பற்றவை அல்ல.

தமிழகம் இத்துறையில் செய்ததை மறைக்க வேண்டியதில்லை. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் 2006இல் 6000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. 2018-20 கணக்கில் இலட்சம் பேறுக்குத் தாய் இறப்பு நாட்டில் 97, தமிழகத்தில் 54. 2020இல் ஆயிரம் குழந்தைக்கு இறப்பு நாட்டில் 28, இங்கு 13. பிழைக்க வைக்கும் போரில் பெரும்பகுதி வென்றாயிற்று. பிழைத்தவர் நலமாக வாழ்வதே எஞ்சியிருப்பது. 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தின் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தசோகை. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இன் சத்துணவும் போற்றத்தக்கவை. எனினும் அவை பெரிதும் அந்த 1000 நாட்கள் கடந்த பிறகே குழந்தையின் தட்டை எட்டுகின்றன.

கருவுற்றபின் தரும் உணவும் காலம் கடந்ததாகலாம். மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006இல் தொடங்கிய ஆய்வில், கருவுறுமுன்பே பெண்களுக்கு நாள்தோறும் கீரை, பழம், பால் கலந்த சிற்றுண்டி தரப்பட்டது. குழந்தைகளின் எடை மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் பேறுகால நீரிழிவு 100க்கு 12.4இலிருந்து 7.3 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே கவனம் பெற வேண்டியவள் கருவுற்ற பெண் மட்டும் அல்லள். அம்பத்தூர் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து, காலை உணவை விட்டு, மணமாகும் நாளுக்குப் பணம் சேர்க்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணும் அக்கணக்கில் இருக்கிறாள். 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அவ்விடுப்பு தொடங்குவதற்கு ஆறேழு ஆண்டுகள் முன்பே அவள் உடல் அடுத்த தலைமுறைக்காகச் சேமிக்கவோ இழக்கவோ தொடங்கிவிடுகிறது.

இவ்வறிவியலில் ஓர் ஆபத்தும் உண்டு. பிள்ளையின் நோய்க்கெல்லாம் தாயே காரணம் என்று பழி சுமத்த இது ஒரு புதிய கருவியாகிவிடலாம். புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பகிர்ந்து வைத்தார்: ஈன்று தருவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. தாயின் பெயரில் எழுதிய கடமையைக் காலந்தோறும் மேற்கோள் காட்டிய உரையாசிரியர்களும் பேச்சாளர்களும், ஈனுகின்றவளுக்கு உணவிடும் கடமை எவருடையது என்ற வினாவை நீட்டவில்லை. ஆய்வுகள் அவ்வினாவை நீட்டுகின்றன. எடை குறைந்த குழந்தைக்குப் பின்னால் கடைசியில் உண்ணும் மருமகளும், கழிவறைக்கு அஞ்சி நீர் அருந்தாத தொழிலாளியும், நியாயவிலைக் கடையில் பருப்புக்கு நிற்கும் வரிசையும் இருக்கின்றன.

பூந்தமல்லியில் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. இப்பகுதியின் செவிலியர் கருவுற்ற பெண்களின் எடையையும் குருதியின் அளவையும் நாள்தோறும் எழுதி வருகின்றனர்; இன்று அவை பிக்மி எண்ணோடு கணினியில் ஏறுகின்றன. அதற்கு முந்தைய தாள் பதிவேடுகளும் உண்டு. மைசூர் மருத்துவமனை தன் ஏடுகளை அறுபது ஆண்டு காத்ததனால்தான் 517 பேரின் கதை தெரிந்தது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. மரபில் வந்த வட்டத்தினர், தம் பகுதிப் பழைய மகப்பேற்று விடுதிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அப்பதிவேடுகள் எங்கே உள்ளன என்று கேட்கலாம். குழந்தையின் எடை எழுதிய அத்தாள்கள் பழைய தாள் கடையில் எடைக்குப் போகும் முன் கேட்பது நல்லது.