தீவகமும் புயற்செய்தியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்பது வழக்கு. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவுக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி வழியே தரைப்பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமோ குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். கடல் சீறினால் படகு நின்றுவிடும். படகு நின்றபின் வரும் எச்சரிக்கையால் நெடுந்தீவாருக்கு விளையும் பயன் சிறிதே. ஆகவே தீவகத்தாருக்கு வேண்டுவது முந்திவரும் எச்சரிக்கை.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் போக்கறிந்து தொழில் செய்தவர்கள் தீவகக் கடற்றொழிலாளர். அவ்வறிவு இன்றும் மதிக்கத்தக்கதே. எனினும், வங்கக் கடலின் நடுவே உருவாகும் புயலைக் கரையில் நிற்பவரின் கண் காணாது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. அந்நேரத்திலும் பாம்பனிலிருந்து புறப்பட்ட புகைவண்டி தனுஷ்கோடியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதிலிருந்தோர் நூற்றுவர்க்கு மேல் மாண்டனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய பின், ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. காலம் இருந்தது, அறிவிக்கும் ஏற்பாடுதான் இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. அதன் பயனாகவே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோன்றியது. 117 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்து அந்நிலையத்தோடு பேசலாம்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அதில் நயினாதீவு, நெடுந்தீவு என்ற பெயர்கள் எப்போதும் வருவதில்லை. "புத்தளத்திலிருந்து மன்னார், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரை" என்பதுபோலவே கடற்பரப்புக் கூறப்படும். மன்னாருக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட கடல் தம்முடைய கடலே என்பதைத் தீவகச் சிறுவரும் அறிந்திருத்தல் நன்று.

கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். ஆயினும் மின்சாரம் தடைப்பட்டு, கோபுரமும் செயலிழந்தால் அக்கருவி ஊமையாகிவிடும். பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி ஒன்று வீட்டிலிருப்பின் அப்பொழுதும் செய்தி கேட்கலாம். கிராம உத்தியோகத்தரின் அறிவித்தலும், கடற்றொழிலாளர் சங்கத்தின் ஒலிபெருக்கியும் அடுத்த துணைகள். கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஊர் முழுதும் கேட்பவை. ஆனால் மணி நாள்தோறும் ஒலிப்பதாதலின், ஆபத்துக்கான ஓசை எது என்பதை ஊரார் முன்கூட்டியே கூடித் தீர்மானித்திருக்க வேண்டும். இன்றேல் அதைப் பூசைமணி என்றே எண்ணி இருந்துவிடுவர்.

இத்தனைக்கும் எட்டாதவர் சிலர் உளர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, தனித்திருக்கும் முதியோர் தீவகத்தில் பலர். புயற்செய்தி கடல்கடந்த மகனுக்கு எட்டியிருக்க, செவிப்புலன் குன்றிய தாய் ஒன்றுமறியாது கதவைச் சாத்தி உறங்கக்கூடும். அவரைத் தட்டியெழுப்ப ஒரு மனிதர் நடந்து செல்வதைத் தவிர வேறு கருவி இல்லை.

ஐப்பசி முதல் மார்கழி வரை புயலுக்குரிய காலம். அதற்கு முன்னரே ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்திருப்போர் யாவர், நடக்கமாட்டாதோர் யாவர் எனப் பெயர் எழுதி, எவ்வீட்டுக்கு எவர் செல்வது, எக்கட்டடத்தில் தங்குவது என்பதை வகுத்துக்கொள்ளலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுதும் ஒரு கொப்பியும் போதும். அவ்வேடு எழுதப்பட்ட ஊரில், கொழும்பிலிருந்து புறப்படும் செய்தி கடைசி வீட்டின் படலை வரை சென்று சேரும்.