நாற்காலிக்கு அஞ்சும் தாய்

(திருத்தணியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருத்தணியில் ஆசிரியர்கள் கூடினால் இந்த மண்ணில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜெயமோகன் எழுதிய ‘நூறு நாற்காலிகள்’. 2011இல் வந்த ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது. மலையாளத்தில் தனி நூலாகவே வெளிவந்தது. குறுநாவல் என்றே சொல்லலாம்.

கதையைச் சொல்பவர் தர்மபாலன், ஆட்சிப்பணி அதிகாரி. நாயாடி சமூகத்தில் பிறந்தவர். கண்ணில் பட்டாலே தீட்டு என்று அந்தக் காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் அவர்கள். அம்மாவோடு தெருவில் அலைந்து, கிடைத்ததைத் தின்று வளர்ந்த பையனை நாராயண குருவின் வழிவந்த ஒரு துறவி சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அரசு மருத்துவமனையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கிழவி தன் தாய்தான் என்று தெரிந்து அதிகாரி ஓடுகிறார். அந்தத் தாய் மகனிடம் கெஞ்சுவது இதுதான்: சட்டையைக் கழற்று, நாற்காலியில் உட்காராதே, கொன்றுவிடுவார்கள்.

பையனைப் பள்ளியில் பிடித்துவைத்தது முதலில் எழுத்தல்ல, சோறு. காலை உணவு போடும் நம் பள்ளிகளில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்பு அவனுக்குப் பதவியைத் தந்ததே தவிர, தாயையும் மகனையும் ஒரே வீட்டில் சேர்த்து உட்கார வைக்கவில்லை. அவரால் அம்மாவை விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அலுவலகத்திலோ கீழே வேலை செய்பவர்களே அவரை அதிகாரியாக மதிப்பதில்லை. தேர்வில் வென்றவனுக்கு இத்தனை பயம் ஏன் என்று கேட்பவர்கள் அவன் ஏழு வயதில் எங்கே தூங்கினான் என்று கேட்பதில்லை.

நம் வட்டாரத்துக்கு வருகிறேன். செங்கல் சூளைக்கு வந்து, பருவம் முடிந்ததும் போய்விடும் குடும்பங்கள் இருக்கின்றன. இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்ப்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். எமிஸில் எண்ணும் ஏறிவிடும். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் என் கவலை.

பிள்ளையைத் தேடி அம்மா வருகிறார். சூளையிலிருந்து நேராக வந்திருக்கிறார், சேலையெல்லாம் செம்மண். வாசலிலேயே நிற்கிறார். “ஏம்மா, பையனை ஒழுங்கா அனுப்ப மாட்டியா?” என்று நாம் ஒருமையில் கேட்கிறோம். அதே வாரம் வசதியான ஒருவர் வந்தால் “உட்காருங்க சார்” என்கிறோம். இரண்டையும் பையன் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் சுவரோரம் நிற்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்த அம்மாவை உட்காரச் சொன்னால் முதல் தடவை மறுப்பார். இரண்டாம் தடவையும் மறுப்பார். நாமும் எழுந்து நின்று பேசலாம். இல்லாவிட்டால் இருவருமாகத் திண்ணையில் உட்காரலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

கதையின் முடிவை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. படித்துவிட்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.