சம்பாதியின் மனம்



சம்பாதி முருகனை வழிபட்டதால் நம் ஊருக்குக் கழுகுமலை எனப் பெயர் வந்தது என்கிறது தலபுராணம். உடலால் அவர் கழுகு, உணர்வால் மனிதர்.

இளமையில் தம்பி சடாயுவோடு போட்டியிட்டுச் சூரியனை நோக்கிப் பறக்கிறார். வெயில் தம்பியைச் சுட, தம் சிறகை விரித்துக் காக்கிறார். சிறகு கருகி மலையில் விழுகிறார். நெடுங்காலத் தனிமை. வான்மீகி இராமாயணத்தில், சாகத் துணிந்து உண்ணாநோன்பில் அமர்ந்த வானரரைக் கண்டதும் ‘இரை கிடைத்தது’ என்று மகிழ்கிறார். அவர்கள் சடாயுவின் மரணத்தைப் பேசியதும் குரல் உடைகிறது. அங்கதன் அவரைக் கீழே இறக்கி நடந்ததைச் சொல்கிறான். தம்பிக்கு நீர்க்கடன் செய்யக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறார்கள். பறக்க இயலாத அவருடைய கூரிய பார்வைதான் சீதை இலங்கையில் இருப்பதைக் காட்டுகிறது. சிறகும் மீண்டும் முளைக்கிறது.

நம் வகுப்பிலும் சிடுசிடுக்கும் சம்பாதிகள் உண்டு. இக்கதையைச் சொன்னதும் நீதியைக் கேட்காதீர்கள். “இரை என்று நினைத்தவர் ஏன் அழுதார்?” என்று கேளுங்கள். தன் பசியையும் கோபத்தையும் துக்கத்தையும் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளை, உதவி கேட்கவும் கற்றுக்கொள்ளும். சிறகு கருகிய பிள்ளைக்கும் ஒரு கூரிய பார்வை இருக்கும். அதைக் கண்டறிவது நம் பணி.